அமரில்லிஸ் கிழங்கு: டிசம்பர் 20-க்குள் மொட்டோடு தொட்டி இறக்கணும், ஓசூர் பாலிஹவுஸில் நடக்குமா?

ஓசூர்_பந்தல்
வணக்கம். 10 சென்ட் பாலிஹவுஸ், ரோஜா எடுத்தாச்சு. அடுத்த வருஷம் 1000 அமரில்லிஸ், 6 இஞ்ச் தொட்டியில். டிசம்பர் 20-ம் தேதி மொட்டு விரியாத நிலையில் பெங்களூருக்கு வண்டி ஏத்தணும். உள்ளூர் நர்சரிக் கிழங்கு 50 சோதனைக்கு வெச்சதில் 31-ல் வெறும் இலைதான். உரம் பத்தலையா, நட்ட மாசம் தப்பா, கிழங்கே சரியில்லையா? கிழங்கு எங்கே வாங்கறது, குளிர் காட்டணுமா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிழங்கியல்
முதலில் அந்த 31-ஐப் பார்ப்போம், மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும். இந்தச் செடி நான்கு இலை விட்டால் ஒரு பூத்தண்டு வைக்கும், மறுபடி நான்கு இலை, ஒரு பூத்தண்டு. ஆனால் வைத்த மொட்டு உடனே வெளியே வராது. கிழங்குக்குள் உருவாகி வெளியே விரிய ஏறக்குறைய ஒரு வருஷம், சில ரகத்தில் அதற்கு மேலும் ஆகும். அதாவது இந்த டிசம்பரில் விரிய வேண்டிய பூ போன வருஷக் கடைசியிலேயே உள்ளே உட்கார்ந்துவிட்டது. நட்ட பிறகு நீங்கள் போடுகிற உரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருப்பதை ஒரே தேதியில் வெளியே கொண்டுவருவது மட்டும்தான் ஃபோர்சிங்.

ஆகவே வாங்கும்போதே அறுத்துப் பாருங்கள். 100 கிழங்குக்கு 3. கழுத்திலிருந்து அடித்தட்டு வரை நெட்டாக, சரிபாதியாக வெட்டினால் வெங்காயம் மாதிரி அடுக்கு தெரியும். நடுவிலிருந்து சற்று விலகி, செதில்களுக்கு இடையே தட்டையாக, வெள்ளையாக, நுனி கூம்பி நிற்பதுதான் மொட்டு. நடு அச்சுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி இருக்கும். வெளி ஓரத்தில் இருப்பது மூத்தது. அது 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் இந்தப் பருவத்தில் வரும். 1 செ.மீ.க்குக் கீழே என்றால் அடுத்ததுக்குத்தான். காகிதம் போலப் பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தால் மொட்டு உள்ளேயே செத்துவிட்டது என்று அர்த்தம். போன கோடையில் இலை இருந்தபோது தண்ணீர் இழுத்திருப்பார்கள், அல்லது பிடுங்கிய கிழங்கை வெயில் ஏறும் கொட்டகையில் குவித்து வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, கிழங்கை விட்டத்தில் வாங்காதீர்கள். தையல் டேப்பைச் சுற்றி வைத்துச் சுற்றளவு பாருங்கள். 24/26 செ.மீ. என்றால் ஒரு தண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. 28/30 பெரும்பாலும் இரண்டு. 34/36-ல் இரண்டு நிச்சயம், மூன்றும் வரும். 20-க்குக் கீழே உள்ளதை ‘பூக்கும் கிழங்கு’ என்று யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

கோத்தகிரி_நர்சரி
மேலே சொன்னது சரி. கிழங்கு எங்கே வாங்கறதுன்னு கேட்டீங்க, அதுக்கு நாடு முக்கியம். ஹாலந்துக் கிழங்கு அங்கே செப்டம்பர், அக்டோபரில்தான் பிடுங்கறாங்க. அதை எந்தக் கப்பலில் கொண்டு வந்தாலும் ஜனவரிக்கு முன்னாடி ஒழுங்கா பூக்காது. கிறிஸ்துமஸுக்கு வேணும்னா தென்னாப்பிரிக்கா, பெரு, பிரேசில் கிழங்கு. அங்கே பருவம் தலைகீழ், அதனால நமக்கு டிசம்பருக்குள் தயாராகும். ஐரோப்பாக்காரங்களே கிறிஸ்துமஸ் சரக்குக்குத் தெற்கத்திக் கிழங்கு, ஜனவரிக்கு மேல ஹாலந்துக் கிழங்குன்னுதான் பிரிச்சு வாங்கறாங்க.

இறக்குமதின்னா 2003 தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதி, அனுப்பற நாட்டோட தாவர சுகாதாரச் சான்று ரெண்டும் சரக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே கையில் இருக்கணும். விண்ணப்பத்தில் ‘அமரில்லிஸ்’னு எழுதி அனுப்பிடாதீங்க. தாவரவியலில் அமரில்லிஸ்ங்கிறது தென்னாப்பிரிக்காவோட பெல்லடோனா லில்லி, அது வேற இனம். நாம விக்கறது தென் அமெரிக்கா பூர்வீகமான ஹிப்பியாஸ்ட்ரம். தண்டை வெட்டினா உள்ளே குழாய் மாதிரி காலியா இருந்தா ஹிப்பியாஸ்ட்ரம், கட்டியா இருந்தா பெல்லடோனா. அட்டையில் எந்தப் பேர் போட்டாலும் வாங்கறவங்களுக்கு ஒண்ணுதான், ஆனா காகிதத்தில் பேர் மாறினா துறைமுகத்துல சரக்கு நிக்கும்.

ரகத்துக்கு ரகம் பூக்கிற நாள் ரெண்டு வாரம் வரைக்கும் மாறும். ரெட் லயன், ஆப்பிள் பிளாசம், மினர்வா மூணையும் கலந்து ஒரே மேடையில் வெக்காதீங்க. முதல் வருஷம் ரெட் லயன் மட்டும் போதும். இரட்டைப் பூ ரகம் தலை கனம், வண்டியில் முறியும்.

ஓசூர்_பந்தல்
நன்றிங்க. குளிர் விஷயம்? பக்கத்துல உருளைக்கிழங்கு குளிர்கிடங்கு இருக்கு, 4 டிகிரி. வாடகைக்கு ஒரு மூலை கொடுக்கறேங்கறாங்க. ஆப்பிள் பெட்டியும் அங்கேதான் அடுக்கறாங்க.

வெஸ்ட்லாந்து_தமிழ்
அங்கே வைக்காதீங்க. 4 டிகிரி இதுக்கு ஆகாது, ரெண்டு மாசம் வெச்சா மொட்டு அடிபடும். அதைவிட மோசம் ஆப்பிள். பழம் விடுகிற எத்திலீன் வாயு மொட்டைக் கருக வைக்கும்.

இங்கே ஹாலந்தில் செய்யற முறை இது. பிடுங்கின உடனே வேரோட, 23-லிருந்து 25 டிகிரியில் காத்து ஓடுற இடத்தில் ரெண்டு வாரம் காய வைப்பாங்க. கழுத்து நல்லா மூடிக்கணும், வேர் மட்டும் கருவாடா ஆகக்கூடாது. அப்புறம் 13 டிகிரியில் 8-லிருந்து 10 வாரம். அதுக்கு மேல 13-லேயே விட்டா பெட்டிக்குள்ளேயே தண்டு எட்டிப் பார்க்கும். தாமதமா நடணும்னா 9 டிகிரிக்கு இறக்கி நிறுத்தி வைப்பாங்க.

1000 கிழங்குக்குப் பெரிய அறை வேண்டாம். 28 செ.மீ. சுற்றளவுன்னா விட்டம் 9 செ.மீ. 60-க்கு 40 தக்காளிக் கிரேட்டில் ஒரு அடுக்குக்கு 24, ரெண்டு அடுக்கு 48. ஆக 21 கிரேட். 8-க்கு 8 அடி அறை, சுவருக்கு 10 செ.மீ. தெர்மாகோல், ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. சாதாரண ஏசி 16-க்குக் கீழே இறங்காது, அதோட சென்சாரை ஏமாத்தி இறக்கற கன்ட்ரோலர் தனியா வாங்கி மாட்டணும். ஈரப்பதம் 75, 80 சதவீதம். கிரேட்டைச் சுவரோட ஒட்டி வெக்காம ஒரு சாண் இடைவெளி விடுங்க, சின்ன ஃபேன் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கட்டும்.

கோத்தகிரி_நர்சரி
வெஸ்ட்லாந்து சார், இங்கே மலையில் குளிர் அறையே இல்லாம வருஷா வருஷம் பூக்குது. வாசல்ல நிக்கிற, இதே சாதி சிவப்பு லில்லி சமவெளியிலேயே ஏப்ரல், மேயில் கோடை மழை விழுந்ததும் பூக்குது, அதுக்கு யார் 13 டிகிரி காட்டினாங்க? புதுசா தொடங்கறவங்களை ஏசி செலவில் இறக்கி விடணுமா?

கிழங்கியல்
இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் கேள்வி வேறு. இது துலிப் இல்லை, பூ வைக்கக் குளிர் தேவையே இல்லை. குளிர் அறை செய்வது ஒரே ஒரு வேலை: இலை வளர்ச்சியை நிறுத்தி, தண்டு மட்டும் உள்ளே மெதுவாக நீள விட்டு, எல்லாக் கிழங்கையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவது. வாசலில் நிற்பது மார்ச்சில் பூத்தாலும் மேயில் பூத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே 1000 தொட்டி, ஒரே வண்டி, ஒரே தேதி. குளிர் காட்டாமல் நட்டால் பூ ஆறு, ஏழு வாரத்துக்குச் சிதறும், பாதியில் இலை முந்திக்கொள்ளும். கேட்டவருடைய 31-ல் கொஞ்சம் இந்தக் கணக்கில் வந்திருக்கவும் இடமுண்டு, ஜனவரியில் தண்டு வந்தாலும் வரும், தூக்கிப் போட வேண்டாம்.

கோத்தகிரி_நர்சரி
தேதிதான் முக்கியம்னா ஒத்துக்கறேன். பொங்கல் வரைக்கும் சில்லறையா விக்கறவங்களுக்கு அறை வேண்டாம்னு மட்டும் சொல்லி வெக்கிறேன்.

வெஸ்ட்லாந்து_தமிழ்
சரி, டிசம்பர் 20-லிருந்து பின்னாடி எண்ணுவோம். தொட்டி மண் 21, 22 டிகிரியில் இருந்தா நட்டு 4, 5 வாரத்தில் தண்டு 15 செ.மீ. வந்துடும். ஓசூரில் நவம்பர் ராத்திரி 15, 16 வரைக்கும் போகும், மண் 18, 19-ல் நிக்கும், அதனால 6 வாரம் வெச்சுக்கோங்க. நவம்பர் 8 நடவு. அதுக்கு 9 வாரம் முன்னாடி, செப்டம்பர் 6-ம் தேதி குளிர் அறை. காய வைக்க ரெண்டு வாரம், அப்போ ஆகஸ்ட் 23-ல் பிடுங்கணும். அதுக்கு 4 வாரம் முன்னாடி, ஜூலை 25 வாக்கில் தண்ணியை நிறுத்தணும். சொந்தக் கிழங்குன்னா இந்தக் கணக்கு. தண்ணி நிறுத்தற நேரம் தென்மேற்குப் பருவமழை, அதனால மேலே கூரை அவசியம், திறந்தவெளியில் ஆகாது. இறக்குமதிக் கிழங்குன்னா அங்கேயே எத்தனை வாரம் எத்தனை டிகிரியில் வெச்சாங்கன்னு எழுத்தில் கேளுங்க. ஏற்கெனவே 13-ல் 10 வாரம் இருந்துட்டு வந்த கிழங்கை இன்னும் 9 வாரம் பூட்டி வெச்சா பெட்டிக்குள்ளேயே பூத்துடும்.

ராத்திரி மண் சூடு குறையறதுதான் உங்க ஊர்ல பெரிய சிக்கல். இங்கே மேடைக்கு அடியில் சுடுதண்ணிக் குழாய் ஓடும். அங்கே அந்தச் செலவு வேண்டாம். தொட்டியைத் தரையில் வெக்காம 60 செ.மீ. மேடை போட்டு, மேடையைச் சுத்திப் பாலிதீன் பாவாடை கட்டுங்க. பக்கத் திரையைச் சாயங்காலம் 4 மணிக்கே, உள்ளே வெப்பம் இருக்கும்போதே இறக்குங்க, 6 மணிக்கு இறக்கினா பிரயோஜனம் இல்லை. தொட்டியில் 8 செ.மீ. ஆழத்தில் தெர்மாமீட்டர் முனை இருக்கணும். காத்து வெப்பநிலையைப் பார்த்து ஏமாறாதீங்க.

ஓசூர்_பந்தல்
கலவை? கோகோபீட் மட்டும் போதுமா?

கோத்தகிரி_நர்சரி
கோகோபீட் மட்டும் போட்டா ரெண்டு தொல்லை. ஒண்ணு உப்பு. கட்டியைத் தண்ணியில் ஊற வெச்சு ரெண்டு தரம் அலசி, அப்புறம் 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைச்ச தண்ணியில் ஒரு ராத்திரி ஊற விட்டு, மறுபடி நல்ல தண்ணியில் வடிச்சு எடுங்க. வடியற தண்ணியோட ஈசி (உப்பு அளவைக் காட்டற மின்கடத்துதிறன்) 0.8-க்குக் கீழே வரணும். ரெண்டாவது, தொட்டி லேசா இருக்கும். 50 செ.மீ. தண்டும் நாலு பூவும் மேலே நின்னா குடைசாயும். அதனால 6 பங்கு கோகோபீட், 2 பங்கு உமிக்கரி, 2 பங்கு பருமணல். மணல் கனத்துக்கு, உமிக்கரி காத்தோட்டத்துக்கு. உமிக்கரிதான், சாம்பல் இல்லை. சாம்பல் போட்டா காரம் ஏறிடும், பிஎச் 6-லிருந்து 6.5-க்குள் நிக்கணும். தொட்டிக்கு 1.2 லிட்டர் கலவைன்னா 1000-க்கு 1200 லிட்டர். கோகோபீட் 720 லிட்டர், ஒரு கட்டி 70 லிட்டர் விரியும், 11 கட்டி வாங்கினா போதும்.

நடறப்போ ஒரு கையால கிழங்கைத் தொட்டிக்கு மேல தூக்கிப் பிடிச்சு, வேரைக் கீழே தொங்க விட்டு, மறு கையால கலவையை வேருக்குள் உதிர்த்து விடுங்க. கிழங்கை மண்ணில் வெச்சு அமுக்கினா தடிச்ச வேர் அடித்தட்டோட ஒடியும், ஒடிஞ்ச இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும். காஞ்சு நூலான வேரை மட்டும் கத்தரிங்க, வெள்ளை வேரைத் தொடாதீங்க. மேல் மூணில் ஒரு பங்கு வெளியே தெரியணும். நட்ட அன்னிக்கு 250 மில்லி, ஓரமா சுத்தி ஊத்துங்க, கழுத்தில் விழக்கூடாது. அப்புறம் தண்டு 5 செ.மீ. வரும் வரைக்கும் தண்ணிக் குழாய் பக்கமே போகாதீங்க. இந்த மூணு வாரத்தில் பாசமா ஊத்தறவங்கதான் கிழங்கை அழுக வைக்கிறாங்க.

பூ_மண்டி
வாங்கி விக்கிற பக்கத்திலிருந்து சொல்றேன். தண்டு 15-லிருந்து 20 செ.மீ., உறை பிரியாத மொட்டு, இதுதான் வண்டி ஏத்தற கட்டம். நிறம் தெரிஞ்சு வந்தா ஓசூர் தாண்டறதுக்குள்ள ரெண்டு பூ நசுங்கும். கடையில் 25 டிகிரிக்கு மேல பூ நாலஞ்சு நாள்தான், அதனால விரிஞ்சது வேண்டாம். தொட்டியை மூணு நாளைக்கு ஒருதரம் பாதித் திருப்பு திருப்பி வைங்க, இல்லைன்னா தண்டு எல்லாம் வெளிச்சம் பார்த்துச் சாஞ்சு நிக்கும். நாய் பூனை வளர்க்கறவங்க நிறைய வாங்கறாங்க. கிழங்கில் லைக்கோரின்னு நஞ்சு இருக்கு, தின்னா வாந்தி எடுக்கும். அட்டையில் அதையும் ஒரு வரி அச்சடிங்க.

ஏத்தத் தவறி நீண்டுபோன தண்டை வெட்டுப்பூவா கொடுத்துடலாம். தண்டு குழாய், வெட்டின நுனி தண்ணியில் பிளந்து சுருண்டுக்கும். வெட்டின உடனே நுனியைச் சுத்தி செல்லோடேப் ஒரு சுத்து ஒட்டிட்டா பிளக்காது.

ஓசூர்_பந்தல்
தண்டு ரொம்ப நீளாம இருக்க கல்தார் ஊத்தலாமா? மாமரத்துக்கு வாங்கினது இருக்கு.

கிழங்கியல்
கல்தாரில் இருக்கிற பேக்லோபியூட்ரசால் வேலை செய்யும், ஆனால் கை தவறினால் அடுத்த வருஷமும் அதன் பலனை அனுபவிப்பீர்கள். கல்தார் ஒரு மில்லியில் 250 மில்லிகிராம் மருந்து. 10 லிட்டருக்கு ஒரு மில்லி கலந்தால் 25 பிபிஎம். தண்டு 3, 4 செ.மீ. எட்டிப் பார்க்கும்போது தொட்டிக்கு 100 மில்லி மண்ணில் ஊற்றினால் 2.5 மில்லிகிராம் போகும். 20 தொட்டிக்கு இது, 20-க்கு இதில் பாதி, 20-க்கு வெறும் தண்ணீர் என்று வைத்துப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். ஒரே தரம்தான். அதிகமானால் இலை குட்டையாகிக் கிழங்கு தேறாது. கிழங்கை மறுவருஷத்துக்கு வளர்க்கப் போவதானால் ஊற்றாமலிருப்பது நல்லது. என்னைக் கேட்டால், பகலில் வெளிச்சத்தைக் கூட்டினாலே பாதி நீளம் அடங்கும். நவம்பரில் நிழல்வலையை முழுசாகச் சுருட்டிவிடுங்கள்.

தாராபுரம்_காந்தள்
கண்வலிக் கிழங்கு, அதாவது காந்தள் போடறவங்களுக்குத் தெரியும், கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வெச்ச ஒரு புழு, பாலிடெலா குளோரியோசே. அது காந்தளை விட்டா அடுத்து தேடி வர்றது இதுதான். இலைக்கு அடியில் கும்பலா முட்டை வைக்கும். முட்டையிலேயே இலைத் துண்டைக் கிள்ளி எடுத்துடுங்க. புழு பெரிசாயிட்டா ரெண்டு ராத்திரியில் தண்டைக் குடைஞ்சு மொட்டுக்குள் போயிடும், அப்புறம் எந்த மருந்தும் எட்டாது. பாலிஹவுஸ் ஓரவலையில் கிழிசல் இருந்தா தச்சுடுங்க.

கிழங்கியல்
சிவப்புப் புள்ளி பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். இந்தச் செடியில் எங்கே கீறல் விழுந்தாலும் சிவப்பாகும், நகம் பட்டாலும் ஆகும். அது நோய் இல்லை. ஸ்டகனோஸ்போரா பூஞ்சணம் என்றால் புள்ளி நீண்டு, நடுவில் குழிந்து, தண்டு அந்த இடத்தில் ஒரு பக்கமாக மடங்கும். தலைக்கு மேல் தெளிப்பான் ஓடுகிற வீட்டில்தான் வரும், இலை நனையாவிட்டால் பரவாது. நடும்முன் வெளிச் சருகை உரித்து, லிட்டருக்கு 2 கிராம் கேப்டான் என்ற பூஞ்சணக்கொல்லி கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் முக்குங்கள். இலை ஓரத்தில் ரம்பப்பல் மாதிரித் தழும்பும், தண்டின் விளிம்போடு பழுப்புக் கோடும் வந்தால் அது கிழங்குச் செதில் சிலந்தி, கண்ணுக்குத் தெரியாது. 46 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் வைத்தால் சாகும், ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலும் உள்ளே மொட்டு வேகும். வீட்டு அண்டாவில் செய்யாதீர்கள், இறக்குமதிக்காரரிடம் வெந்நீர் நேர்த்தி செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். இலையில் மஞ்சள் பச்சைத் தேமல் ஓடினால் வைரஸ், மருந்தே கிடையாது, தொட்டியோடு வெளியேற்ற வேண்டும். அசுவினியும் கத்தியும்தான் அதைப் பரப்புகின்றன.

பூ_மண்டி
மெழுகு பூசின கிழங்கு, தண்ணியே ஊத்தாம பூக்குமே, அது வேணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. இங்கே செய்ய முடியாதா?

வெஸ்ட்லாந்து_தமிழ்
முடியும். வேரை ஒட்ட அறுத்து, அடியில் கம்பி நிறுத்தி, மெழுகில் முக்கறதுதான். பெரிய கிழங்கா இருக்கணும், தன் சேமிப்பிலேயே பூக்குது. ஆனா பூத்ததும் அது முடிஞ்சது, திரும்ப நட்டு வளர்க்க முடியாதுன்னே வெச்சுக்கோங்க. கிழங்கைப் பெருக்க நினைக்கறவங்களுக்கு இது பொன்முட்டை வாத்தை அறுக்கற வேலை.

ஓசூர்_பந்தல்
இன்னிக்கு அதே நர்சரியில் புதுசா எடுத்த 100-லிருந்து நாலை அறுத்தேன். சுற்றளவு எல்லாம் 26. மூத்த மொட்டு 2.4, 2.1, 0.8 செ.மீ., நாலாவதில் பழுப்புச் சருகு. மீதி 96-ஐ வாங்கலாமா?

கிழங்கியல்
நாலில் இரண்டுதான் தேறுகிறது, டிசம்பர் வண்டிக்கு நம்பி எடுக்க முடியாது. பூக்காத கிழங்கின் விலைக்குத் தந்தால் வாங்கி இலை வளர்க்கப் போடுங்கள். இலை விட்டதிலிருந்து நைட்ரஜன் ஒன்றுக்கு பொட்டாஷ் ஒன்றரை, ஈசி 1.5, கோடையில் பாதி நிழல், ஒரு நாள்கூடக் காயவிடாமல் தண்ணீர். ஜூலைக்குள் 8 இலை விட்டால் உள்ளே புதிதாக இரண்டு மொட்டு உட்கார்ந்திருக்கும். அவை வெளியே வருவது அதற்கடுத்த டிசம்பருக்கு.

அறுத்த நாலையும் குப்பையில் போட்டுவிட்டீர்களா? அடித்தட்டு இரண்டு பாதியிலும் இருக்கிறதல்லவா. தலைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கைச் சீவிவிட்டு, ஒவ்வொரு பாதியையும் எட்டு ஆப்பாக வெட்டி, ஒவ்வொரு ஆப்பையும் இரண்டிரண்டு செதிலும் ஒரு துணுக்கு அடித்தட்டும் இருக்கிற மாதிரிப் பிரியுங்கள். ஒரு கிழங்கில் 40 துண்டு வரை தேறும். கத்தியைக் கிழங்குக்குக் கிழங்கு ஸ்பிரிட்டில் துடைக்கணும். கேப்டானில் முக்கி நிழலில் ஆறவிட்டு, கையில் பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வெர்மிகுலைட்டோடு பாலிதீன் பையில் கட்டி, 25 டிகிரியில் இருட்டில் வையுங்கள். 10 வாரத்தில் இரண்டு செதிலுக்கு நடுவே பட்டாணி அளவு குட்டிக் கிழங்கு நிற்கும். பூக்க இரண்டரை, மூன்று வருஷம். பழுப்பு மொட்டுக் கிழங்கையும் வெட்டலாம், செத்தது மொட்டுதான்.

ஓசூர்_பந்தல்
ஃப்ரிட்ஜ் மேலேதான் கிடக்கு நாலும். இன்னிக்கு ராத்திரியே வெட்டிடறேன்.

தாராபுரம்_காந்தள்
கையுறை போட்டுக்கோங்க. 160 துண்டு வெட்டி முடிக்கறதுக்குள்ள சாறு பட்ட இடமெல்லாம் அரிக்கும்.